வில்பெட்டியியல்: ஓர் அறிமுகமும் 26 வீழ்ச்சிகளும்

ஒரு பொருளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று: யாருக்கும் தோன்றவில்லை, அல்லது யாருக்கும் தேவைப்படவில்லை. ஆய்வேட்டு முன்னுரையில் முதற்காரணத்தை மட்டும் எழுதுவது நம் பல்கலைக்கழக மரபு. அம்மரபுக்குக் கட்டுப்பட்டு, வேட்டைக்கான காம்பவுண்ட் வில்லை விமானத்தில் ஏற்றிச் செல்லும் கெட்டிப் பெட்டியைத் தமிழுலகம் கண்டுகொள்ளாமல் விட்ட பெருங்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து 9 ஆண்டு உழைத்து, அடிக்குறிப்பு போதவில்லை என்று நெறியாளரால் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அந்தப் போதாமையை இங்கே ஈடு செய்திருக்கிறேன்.

ஆய்வின் தோற்றம். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், டெக்சாஸில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் என் மைத்துனன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கராஜில் இறக்கினான். செப்டம்பரில் கொலராடோ மலைக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறானாம். வில்லுக்கென்று அங்கே தனிப் பருவம் உண்டு. “அத்தான், இத கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க. நீங்கதான் எதையும் நோண்டி நோண்டிப் பாப்பீங்க” என்றான் (மைத்துனன், நேர்காணல், கராஜ், காலை உணவுக்கு முன்). அதுவரை அவன் எய்து வீழ்த்தியவை: ஃபோம் இலக்கு ஒன்று, தோட்டக் குழாய் ஒன்று.

பெயர்க்காரணம். பெட்டி என்னும் சொல்லின் வேர் குறித்து மூன்று கருத்துகள் உண்டு. மூன்றும் என்னுடையவை, ஒன்றையொன்று மறுப்பவை. வில்லின் கதை எளிது. ஆங்கிலேயர் அதைப் ‘போ’ என்கிறார்கள். பயணம் போகிற பொருளாதலால் போ. காம்பவுண்ட் வில்லைக் கண்டுபிடித்தவர் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன். சாதாரண வில்லின் இரு நுனிகளையும் அறுத்துவிட்டு அங்கே கப்பிகளை மாட்டிப் பார்த்தவர். 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் நடுவில் ‘வில்’ நிற்பதை அமெரிக்க அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை. வில்பர்: வில் + பர். பர் என்பது ‘பார்’ என்பதன் குறுக்கம். எனவே, ‘வில்லைப் பார்’. மிசௌரி என்பது ‘மிசை ஊர்’ அன்றி வேறென்ன என்று கேட்கவும் நா எழுகிறது. ஆனால் உலகத்து ஊர்ப் பெயர்களையெல்லாம் தமிழாக்கும் பணியைச் சிலர் முழுநேரமாகவே செய்துவருவதால் அவர்கள் பிழைப்பில் கைவைக்கவில்லை.

பெட்டியின் இன்றியமையாமை. பழைய வில்லுக்குப் பெட்டி அவசியமில்லை. நாணைக் கழற்றினால் அது ஒரு கம்பு. துணியில் சுற்றி மூலையில் சாத்திவிடலாம். காம்பவுண்ட் வில்லின் நாணைக் கையால் கழற்ற முடியாது, அதற்கென்று ‘பிரஸ்’ வேண்டும். ஆகவே பெட்டிக்குள் படுத்திருக்கும்போதும் அது முறுக்கோடுதான் படுத்திருக்கிறது. நாண் அறுந்தாலோ, நுனியிலுள்ள ‘கேம்’ என்னும் கப்பி வளைந்து நாண் நழுவினாலோ, அடக்கிவைத்த விசையெல்லாம் ஒரு நொடியில் வெளிவந்து வில்லையே உடைக்கலாம். மைத்துனன் வில் 65 பவுண்ட் இழுவை. முழுக்க இழுத்துப் பிடித்தபின் கப்பிகளின் தயவால் கைக்குத் தெரிவது அதில் ஐந்தில் ஒரு பங்கு, வெறும் 13 பவுண்ட். இக்கணக்கை வீட்டில் விளக்கியபோது, “வீட்டு வேலையிலயும் உங்களுக்கு அவ்வளவுதான் தெரியுது” என்றொரு பிற்சேர்க்கை கிடைத்தது (என் மனைவி, சமையலறை வாய்மொழி, முதற்பதிப்பு).

முன்னாய்வுகள். வில்லுக்கான கெட்டிப் பெட்டி வால்மீகியின் பால காண்டத்திலேயே வந்துவிடுகிறது. ஜனகனிடம் இருந்த சிவதனுசு, எட்டுச் சக்கரம் பூட்டிய இரும்புப் பெட்டியில், ஐயாயிரம் பேர் இழுக்க அவைக்கு வந்தது. சக்கரம் வைத்த பெட்டியை இன்றைய கம்பெனிகள் புதுமை என்று விளம்பரம் செய்வது வரலாற்றுப் பிழை. அந்தப் பெட்டியின் தரத்தில் ஐயத்துக்கே இடமில்லை. வில் முறிந்தது வெளியே எடுத்த பிறகு, பயன்பாட்டின்போது. வாரண்டிக்குள் வராது.

அடுத்தது விராட பருவம். பாண்டவர்கள் காண்டீபம் முதலான ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்து, கூடவே ஒரு பிணத்தையும் கட்டித் தொங்கவிட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஓராண்டுக்கு ஒருவரும் நெருங்கவில்லை. விமான நிலைய அதிகாரிகள் பொதுச்சாவி போட்டுத் திறந்து பார்க்கும் இன்றைய பூட்டைவிட இது மேலான ஏற்பாடு. ஒப்பீட்டுக்காகப் பெட்டிக்குள் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வைக்க அனுமதி கோரினேன். அறநெறிக் குழு மறுத்துவிட்டது (என் மனைவி, மேற்படி நூல், திருத்திய இரண்டாம் பதிப்பு, கரண்டியுடன்).

உறுப்பியல். சைட்: குறிபார்க்கும் ஊசிகள் கொண்டது. இங்கே மயிரிழை நகர்ந்தால் அங்கே அம்பு விரற்கடைக் கணக்கில் விலகும். ஸ்டெபிலைசர்: முன்னே நீளும் தடி, கழற்றலாம். அம்புகள்: தனித் தட்டில். அம்புமுனைகள்: சவர பிளேடு. கையை விடுமுன் குலதெய்வத்தை நினைக்கவும். ரிலீஸ்: மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நாணை விடுவிக்கும் சிறு விசை. இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆய்வுக் கருவி. ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள வில்லை உள்ளே வைத்துப் பெட்டியைக் கீழே போட எனக்குத் துணிவில்லை. எடைக்குப் பொன்னி அரிசி 5 பவுண்ட், துணியில் இறுக்கிக் கட்டி வைத்தேன். அடிபட்டதைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி வேண்டுமே? முட்டை, கண்ணாடி வளையல் முதலியவற்றைப் பரிசீலித்து விலக்கியபின் பொரித்த அப்பளத்தைத் தேர்ந்தேன். அடிபட்டால் உடையும், ஈரம் பட்டால் நமத்துப்போகும். இரண்டு கருவிகளின் வேலையை ஒரே உளுந்து செய்கிறது. சோதனை முடிந்ததும் சாட்சியத்தை ரசத்தோடு அழித்துவிடவும் முடியும். பெட்டியோடு வந்த சில்லறைச் சாமான்களை அள்ளிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஃபோமில் கேமுக்காக வெட்டியிருந்த குழியில் அப்பளத்தை இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்தில் பொங்கியிருந்த ஒரு குமிழ் மட்டும் மூடியின் ஃபோமைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

வீழ்த்தல். 1962-இல் முதன்முதலாக வெளிவந்த, மில்-எஸ்டிடி-810 எனப்படும் அமெரிக்க ராணுவத் தரவிதி, இப்படிப்பட்ட பெட்டியை 30 அங்குல உயரத்திலிருந்து 26 முறை போடச் சொல்கிறது. 26 எப்படி வந்தது? செவ்வகப் பெட்டிக்கு முகம் 6, விளிம்பு 12, மூலை 8. ‘சும்மா ஒரு நம்பர்’ என்னும் கருத்து (மைத்துனன், தொலைபேசி, புதன்) ஏற்கத்தக்கதன்று. இந்த 26-ஐ 5 பெட்டிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ள விதியில் சலுகை உண்டு. எனக்கு நிதிநல்கை இல்லாததால் எல்லாவற்றையும் ஒரே பெட்டி வாங்கிக்கொண்டது. உயரத்துக்கு அளவுநாடா தேவைப்படவில்லை. கராஜ் கதவுச் சட்டத்தில் மகளின் ஒரு வயது உயரம் பென்சிலால் கீறியிருக்கிறது, சரியாக 30. கான்கிரீட் மேல் 2 அங்குல ஒட்டுப்பலகை போட வேண்டும் என்கிறது விதி. பழைய கேரம் போர்டைப் போட்டேன்.

முகங்கள் தேறின. விளிம்புகளும் தேறின. 23-ஆம் வீழ்ச்சியில், கீல்பக்கத்து இடது மூலையில், அப்பளம் இரண்டாகப் பிளந்தது. கேரம் போர்டும்தான். “அது பெட்டி குத்தமில்ல, எண்ண காயறதுக்கு முன்னாடியே அப்பளத்தப் போட்டுட்டீங்க” என்கிறார் ஓர் உரையாசிரியர் (என் மனைவி, மேற்படி நூல், விரிவுரை, தாளிப்புப் படலம்). அக்கருத்தை ஏற்று, புது அப்பளத்தோடு அதே மூலையை மீண்டும் சோதித்தேன். தேறியது. வேண்டிய முடிவு வரும்வரை சோதனையைத் திரும்பச் செய்வதற்குத்தான் முறையியல் என்று பெயர்.

குலுக்கல். இதுவே இவ்வாய்வின் மையம். பெட்டியை மூடி, இரு கையாலும் தூக்கி, காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளிருந்து ஓர் ஒலி வந்தது: ‘லொட’.

இதை எந்த வகையில் சேர்ப்பது? கடகட, மடமட, லொடலொட ஆகியவை இரட்டைக்கிளவி. இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்பது பள்ளிக்கூடப் பாடம். ‘பாம்பு பாம்பு’ என்னும் அடுக்குத்தொடர் வேறு. பிரித்தாலும் பாம்பு பாம்புதான். பெட்டிக்குள் ஏதேனும் தளர்ந்திருந்தால் வரவேண்டிய ஒலி லொடலொட. வந்ததோ லொட. தனித்து நின்ற லொட பொருள் தராது. பொருள் தராத ஒலி சான்றாகாது. சான்றில்லாத தளர்ச்சி தளர்ச்சியே அன்று. பெட்டி தேறியது.

இம்முடிபை மைத்துனன் மறுத்தான். “அத்தான், உள்ள என்னமோ லூசா கெடக்கு” (தொலைபேசி, வியாழன், ஸ்பீக்கரில் குலுக்கல் கேட்டபின்). அவன் கேட்டது மூலபாடம் அன்று, பாடபேதம். என் சுவடியில் ‘லொட’ என்றிருப்பது அவன் சுவடியில் ‘டொக்’ என்று காணப்படுகிறது. ஏடெழுதியவர் பிழையா, செல்போன் டவர் பிழையா? மூலத்தை நிறுவுவதற்காகப் பக்கத்து வீட்டு டெக்சாஸ் பெரியவரை வேலியோரம் அழைத்துக் குலுக்கிக் காட்டினேன். பல வருடமாக வில்லோடு காட்டுக்குப் போகிறவர். அவர் காதில் விழுந்தது ‘க்ளங்க்’ (வேலிமேல் உரை, வியாழன் மாலை, அவர் நாயின் இடைச்செருகல்கள் நீக்கப்பெற்ற பதிப்பு). ஆங்கிலத்தில் அது இரட்டிக்காமல் ஒற்றையாகவே நின்று பொருள் தரும். ஆக, ஒரே குலுக்கலில் அமெரிக்கருக்குப் பெட்டி தோற்கிறது, தமிழருக்குத் தேறுகிறது. இது குறித்து இருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தலாம். பயணப்படி, கைப்பை, மதியம் பிரியாணி.

மறுநாள் இன்னும் ஓங்கிக் குலுக்கியபோது ‘லொட’ மும்முறை வந்தது. சிக்கல் முற்றியது. இரட்டைக்கிளவி மூன்றாக வராது. மூன்று நான்காக அடுக்குவது அடுக்குத்தொடருக்கே உரியது. அடுக்குத்தொடர் என்றால் லொடவுக்குத் தனியே பொருள் உண்டு. பொருள் உண்டென்றால் தளர்ச்சியும் உண்டு. இரவு முழுக்க உட்கார்ந்து 12 பக்கம் எழுதி இந்த இக்கட்டைத் தீர்த்தேன் (கையெழுத்துப் படி, என் மேசை, மூன்றாம் இழுப்பறை, மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில். காபி கொட்டிய 7-ஆம் பக்கம் வாசிக்க இயலாத நிலையில் உள்ளது. வாதத்தின் உயிர்நிலை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பது அறிஞர் துணிபு. அறிஞர் நான்). காலையில் மகள் பெட்டியைத் திறந்து, ஃபோமுக்கு அடியில் கிடந்த ஆலன் சாவி ஒன்றை எடுத்து நீட்டினாள். வில்லைக் கண்டுபிடித்தவரும் ஆலன், சாவியும் ஆலன். தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை. மகளின் பங்களிப்புக்கு நன்றியுரையில் ஒரு வரி ஒதுக்கப்படும்.

நனைத்தல். தோட்டக் குழாயின் நல்ல பாதியைக் கொண்டு பத்து நிமிடம் நனைத்தேன். அப்பளம் மொறுமொறு. இது இரட்டைக்கிளவி, விவாதமில்லை.

அளவும் எடையும். பெட்டி 45 அங்குல நீளம், 17 அகலம், 7 உயரம். கூட்டினால் 69. சாதாரணப் பெட்டிக்கு விமானக் கம்பெனிகள் பொதுவாக வைக்கும் வரம்பு 62. வில்வித்தைச் சாமான் என்றால் சில கம்பெனிகள் நீளத்தைப் பொறுத்துக்கொள்கின்றன. எடை 50 பவுண்டைத் தாண்டினால்தான் கட்டணம் கேட்கின்றன. எடை கூடக்கூட மதிப்பும் கூடுவது ஆய்வேட்டுக்கு மட்டும்தான்.

களச் சோதனை. வில்லாளிகள் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் (அதே வேலி, அதே நாய்). சைட் பொருந்துமிடத்தில் வெள்ளி மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கிளம்புமுன் 20 கெஜத்தில் மூன்று அம்பு, போய் இறங்கியதும் மறுபடி மூன்று. கோடு பிசகாமல் அம்புகள் அதே இடத்தில் விழுந்தால் நல்ல பெட்டி. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடிக்குறிப்புக்கு இடமில்லாததால் கல்விப்புலம் இதை ஏற்காது.

முடிவுகள். செப்டம்பர் இரண்டாம் வாரம் மைத்துனன் கொலராடோ முகாமிலிருந்து பேசினான். வெள்ளிக் கோடு இம்மியும் நகரவில்லை. நாணும் கேமும் வைத்தது வைத்தபடி. “பெட்டி சூப்பர், அத்தான்” என்றான். குரல் சூப்பராக இல்லை. அந்தக் குட்டை வில்லை ரிலீஸ் இல்லாமல் விரலால் இழுத்தால் நாண் கூராக மடிந்து விரலை நெரிக்கும். கடை மலைக்குக் கீழே மூன்று மணி நேரம்.

ரிலீஸ் எங்கள் சமையலறையில் இரண்டாம் இழுப்பறையில், இடுக்கிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. எல்க் மான்கள் அனைத்தும் நலம்.