மந்திரிசபையைக் கவிழ்த்த மரியாதை

1936-ல் எம்.ஜி.எம். எடுத்த 'தி கார்ஜியஸ் ஹஸ்ஸி' படத்தில், கூடாரம் போன்ற பாவாடையோடு ஜோன் கிராஃபோர்ட் வளைய வருகிறார். அவர்தான் பெகி ஓநீல், வாஷிங்டனில் விடுதி நடத்தியவரின் மகள். இது துல்லியமான சரித்திரம் அல்ல என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுக் கழன்றுகொள்கிறார்கள். சரி, பொய் சொல்வதென்று இறங்கியாயிற்று. நிஜத்தைவிடச் சுவாரசியமாகவாவது சொல்லக் கூடாதா?

படத்தில் பெகி உருகுவது அரசியல்வாதி ஜான் ரான்டால்ஃபை நினைத்து. நடித்தவர் மெல்வின் டக்ளஸ், பார்க்க லட்சணமான மனிதர். நிஜ ரான்டால்ஃபுக்குத் தாடி மீசை முளைக்கவில்லை, குரல் கீச்சென்றிருக்கும், கடைசிவரை கட்டைப் பிரம்மச்சாரி. சபைக்குள் வேட்டை நாய்களைக் கூட்டி வந்தவர். இவரைப் போய்க் காதல் நாயகனாக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நிஜத்தில் பெகிக்குப் பதினேழு வயதுவாக்கில் கடற்படைக் கணக்கர் டிம்பர்லேக்கோடு கல்யாணம். மாப்பிள்ளை முக்கால்வாசி நாள் கப்பலில். விடுதியில் தங்கியிருந்த செனட்டர் ஜான் ஈட்டன் அந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசையாக இருந்தார். எவ்வளவு ஒத்தாசை என்பதில்தான் ஊருக்குச் சந்தேகம். 1828-ல் டிம்பர்லேக் கடலிலேயே இறந்துபோக, ஆண்டு திரும்புவதற்குள், 1829 புத்தாண்டு அன்று பெகி ஈட்டனைக் கைப்பிடித்தாள். மார்ச்சில் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன், நண்பர் ஈட்டனைப் போர்த்துறை மந்திரி ஆக்கினார்.

அன்றைய வாஷிங்டனில் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனால், பதிலுக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். ஈட்டன் தம்பதி துணை ஜனாதிபதி கால்ஹூன் வீட்டுக்குப் போய் வந்தார்கள். கால்ஹூனின் மனைவி ஃப்ளோரைட் பதிலுக்கு வரவில்லை. அவ்வளவுதான், மந்திரி மனைவிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளை மாளிகை விருந்துகளைக் கவனித்த ஜாக்சனின் உறவுப்பெண் எமிலிகூட அந்தக் கட்சிதான்.

ஜாக்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மானப் பிரச்சினைக்காகத் துப்பாக்கிச் சண்டை போட்டு, குண்டை நெஞ்சிலேயே சுமந்துகொண்டு திரிந்தவர். ஊர் வாய்தான் தன் மனைவி ரேச்சலைக் கொன்றது என்று நம்பியவர். 1829 செப்டம்பர் 10 அன்று மந்திரிகளைக் கூட்டினார், ஈட்டனைத் தவிர. வரியா, வங்கியா என்று நினைத்தால், விவாதப் பொருள் பெகியின் கற்பு! வதந்தி கிளப்பிய பாதிரியார்கள் இருவரை வரவழைத்துக் குறுக்கு விசாரணை. முடிவில், அவள் கன்னிப்பெண்ணைப் போலத் தூய்மையானவள் என்று ஜனாதிபதியே தீர்ப்பளித்தார். இரண்டு பிள்ளைகளின் தாயைப் பற்றி இப்படிச் சொன்னபோது மந்திரிகள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது பெரிய விஷயம்.

வெளியுறவு மந்திரி மார்ட்டின் வான் ப்யூரன் மட்டும் பெகியைத் தாராளமாகப் போய்ப் பார்த்தார், விருந்தும் வைத்தார். மனிதர் மனைவியை இழந்தவர். தடுக்க வீட்டில் ஆள் இல்லை. இந்தப் பூசல் முற்றி, 1831-ல் தபால் மந்திரி தவிர மந்திரிசபையே கலைந்தது. நிதி மந்திரியாக இருந்த இங்ஹாமை ஈட்டன் சண்டைக்கு அழைக்க, அவர் ஊரைவிட்டே ஓட்டம் பிடித்தார். ஜாக்சனின் வாரிசாகக் காத்திருந்த கால்ஹூன் கைவிடப்பட்டார். வான் ப்யூரன் முதலில் துணை ஜனாதிபதி, 1837-ல் ஜனாதிபதி.

பெகியின் கதை அதோடு முடியவில்லை. ஈட்டன் இறந்த பிறகு 1859-ல், அறுபதை நெருங்கும் வயதில், பேத்திகளுக்கு நடனம் சொல்லித்தர வந்த இத்தாலியரை மணந்தாள். மாப்பிள்ளைக்கு இருபதை ஒட்டிய வயது. சில வருஷம் கழித்து அவர் பெகியின் பணத்தோடும் பேத்தியோடும் கம்பி நீட்டிவிட்டார். இப்படி ஒரு இரண்டாம் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு எம்.ஜி.எம். ரான்டால்ஃபைத் தேடிப் போயிருக்கிறது.