பாறையில் ஓட்டை, மேடையில் பாட்டு

கடுகண்ணாவையில் மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், பிறகு என் அக்கா மகனின் பொறுமை போகும். பையனுக்குப் பத்தொன்பது வயது. தலைமுடி தோளைத் தாண்டிவிட்டது. அவன் அறையில் ஒரு மின்கிட்டார், அதை அலற வைக்க ஒரு பெட்டி, பெட்டியை நிறுத்தச் சொல்லி மணிக்கொரு தரம் கதவைத் தட்டும் ஒரு தாய். போன நத்தார் விடுமுறையில், கரண்ட் தப்பிப் பிழைத்திருந்த ஒரு மாலையில், "மாமா, இதை மட்டும் பார்த்துட்டுப் போங்க" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். திரையில் 'ஃபிளைட் 666' என்று வந்தது. பிளேன்ரீயோடு வந்த அக்கா எட்டிப் பார்த்து, "கண்டி பஸ் ஒண்ணாம் நம்பர். இந்த 666 எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அது எல்லாப் பக்கமும் போனது. 1975 நத்தார் தினத்தில் ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் கிழக்கு லண்டனில் தொடங்கிய 'அயர்ன் மெய்டன்' என்ற ரொக் குழு, ஐம்பதைத் தொட்டும் தாண்டியும் நின்ற வயதில், 2008 பெப்ரவரி 1 அன்று மும்பையில் கிளம்பி மார்ச் 16 அன்று டொரொன்டோவில் போய் நின்றது. 45 நாளில் 23 கச்சேரி. இலங்கை வாசகருக்கு ஒரு குறிப்பு: இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி. காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பி வரும் கச்சேரி இல்லை. அப்படி 23 கச்சேரி ஏறி இறங்க 45 நாள் போதாது, 45 வருஷம் வேண்டும்.

அந்தக் குழுவில் பாடுகிறவரே விமானமும் ஓட்டுகிறார். புரூஸ் டிக்கின்சன் என்பது பெயர். உரிமம் பெற்ற விமானி. ஒரு போயிங் 757இல் மேளம், பெட்டி, ஆள், அம்பு எல்லாவற்றையும் ஏற்றி, பகலில் ஓட்டி, இரவில் பாடுகிறார். மருமகன் இதை உலக அதிசயம் போலச் சொன்னான். நான் அசரவில்லை. கொழும்பு–கண்டித் தனியார் பஸ்ஸில் போனவன் நான். எங்கள் சாரதிமார் ஓட்டிக்கொண்டே பாடுவார்கள், வெற்றிலை போடுவார்கள், கடுகண்ணாவை வளைவில் போனும் பேசுவார்கள். படம் எடுக்கத்தான் ஆளில்லை.

எடுத்தவர்கள் சாம் டன், ஸ்கொட் மக்ஃபேடியன் என்ற இரண்டு கனடாக்காரர்கள். படத்தோடு வந்த கச்சேரித் தொகுப்பில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு ஓர் ஊர். பதினாறு பாட்டு, பதினாறு ஊர். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பாட்டுகளில் வருகிற சங்கதி எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே? பிறகுதான் பிடிபட்டது. அதெல்லாம் எங்கள் ஊரில் நடந்து முடிந்த கதை. இவர்கள் மெட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதற்பாட்டு மும்பையில். 'ஏசஸ் ஹை'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களை விரட்டிய பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றியது. பாட்டுக்கு முன்னால் வின்ஸ்டன் சேர்ச்சிலின் 1940ஆம் ஆண்டுப் பேச்சை ஒலிபெருக்கியில் விடுவார்கள், கடற்கரையில் சண்டை பிடிப்போம் என்று அவர் முழங்கியது. பாந்திரா-குர்லா மைதானத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஆயிரக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் அதற்குக் கை தூக்கி ஆரவாரம் செய்கிறார்கள். சேர்ச்சில் உயிரோடு இருந்தபோது மும்பையில் அவருக்கு இப்படி ஒரு கூட்டம் கூடியிருக்காது. கூடியிருந்தாலும் கையில் வேறு ஏதாவது இருந்திருக்கும். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏசிய மனிதருக்கு, அவர் செத்து 43 வருஷம் கழித்து, டிக்கெட் வாங்கிக் கைதட்டல்! கிட்டார் ஒன்று பின்னால் நின்றால் எவரையும் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

'த ட்ரூப்பர்' டோக்கியோவில். 1854இல் கிரைமியாவில், பலக்கிளாவா என்ற இடத்தில், யாரோ ஒரு மேலதிகாரியின் கட்டளை கோளாறாகப் போய்ச் சேர, பிரிட்டிஷ் குதிரைப்படை நேரே பீரங்கி வாய்க்குள் பாய்ந்தது. டிக்கின்சன் சிவப்புப் பட்டாளக் கோட்டு மாட்டி, கிழிந்த யூனியன் ஜாக்கை வீசி வீசிப் பாடுகிறார். தோற்றதைப் பாட்டாக்கி அதிலும் காசு பார்ப்பதில் வெள்ளைக்காரனை மிஞ்ச ஆளில்லை. அவர்களுக்குப் பலக்கிளாவா என்றால் எங்களுக்குப் பலன இருக்கிறது. கடுகண்ணாவையிலிருந்து கூப்பிடு தூரம். சிங்களத்தில் 'பார்க்கிற' என்று பொருள். கீழே இருந்து யார் வருகிறான் என்று பார்ப்பதற்காகவே கட்டிய கோட்டை. 1603இல் போர்த்துக்கீசத் தளபதி அசவேது அதைப் பிடித்தே விட்டார். பிடித்து மூச்சு விடுவதற்குள் அவருடைய உள்ளூர் லஸ்கரின் படை கட்சி மாறியது. வந்த வழியே அடி வாங்கிக்கொண்டு இறங்கினார். அதற்கும் முன்னால், 1594இல், பக்கத்துத் தந்துறையில் பேரோ லோப்பஸ் த சோசாவின் சேனை அடியோடு அழிந்தது. எங்கள் பக்கம் ஒருத்தரும் இதற்குக் கிட்டார் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு முழு இசைத்தட்டே தேறியிருக்கும்.

இனி நான் நிமிர்ந்து உட்கார்ந்த பாட்டு. 'ரன் டு த ஹில்ஸ்'. 1982இல் வந்தது. வட அமெரிக்காவில் வெள்ளைக்காரன் வந்து இறங்க, அந்த மண்ணின் ஆட்கள் படும் பாடு. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மலைக்கு ஓடு'. நான் மருமகனிடம், "டேய், இது கண்டி ராச்சியத்தோட பாதுகாப்புக் கொள்கைடா" என்றேன்.

உண்மையாகவே அதுதான். எதிரி படை எடுத்து வருகிறானா? வரட்டும். அரசர் பொக்கிஷத்தையும் தந்த தாதுவையும் மூட்டை கட்டி இன்னும் உள்ளே மலைக்குள் போய்விடுவார். எதிரி வெறும் நகரத்துக்குள் வெற்றிகரமாக நுழைவான். கொடி ஏற்றுவான். கடிதம் எழுதுவான். பிறகு மழை வரும். மழையோடு காய்ச்சல் வரும், அரிசி வராது. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடினார். அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கையில் அகப்படவில்லை. சில வாரத்தில் வான் எக் நோயோடு கொழும்பு திரும்பி அதே வருஷம் செத்தும் போனார். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் 1803இல் ஆங்கிலேயர் அதே நாடகத்தை அதே மேடையில் போட்டார்கள். பெப்ரவரியில் காலி நகரத்தைப் பிடித்தார்கள். முத்துசாமி என்பவரைக் கூட்டிவந்து, குடிமக்கள் யாரும் இல்லாத ஊருக்கு அரசராக்கினார்கள். ஜூனில் மேஜர் டேவியின் ஆட்கள் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருக்க, மீதிப் பேர் சரணடைந்து கிளம்பி மகாவலிக் கரைக்குப் போனால், ஆறு இரு கரையும் முட்டி ஓடுகிறது. தோணி கிடையாது. முத்துசாமியை ஒப்படைத்தார்கள், அவர் தலை போனது. பிறகு படையும் போனது. டேவி மட்டும் கைதியாக வருஷக்கணக்கில் கிடந்து கண்டியிலேயே செத்தார். முதற் சுற்றுப்பயணம் படுதோல்வி.

குழுவுக்கு அப்போது இல்லாமற் போனது நல்ல மேலாளர். அடுத்த சுற்றுக்கு ஜோன் டொயிலி கிடைத்தார். சிங்களம் படித்தவர், பிக்குகளோடும் பிரதானிகளோடும் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர், யாருக்கு யார் மேல் கடுப்பு என்று கணக்கு எழுதி வைத்தவர். 1815இல் ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை பெரிய சண்டை எதுவும் இல்லாமலே கண்டிக்குள் போனது. அரசர் வழக்கம் போல மலைக்குத்தான் ஓடினார். பிடித்துக் கொடுத்தது வெள்ளைக்காரன் இல்லை, அவருடைய சொந்த நாட்டவர்தான். மலைக்கு ஓடும் கொள்கையில் இருந்த ஒரே ஓட்டை அது: மலையில் இருக்கிறவனுக்கு நம்மைப் பிடித்திருக்க வேண்டும். மார்ச் 2இல் ஒப்பந்தம். அதில் பிரதானிகள் சிலர் கையெழுத்துப் போட்டது தமிழ் எழுத்தில். (இன்றைக்கு அதே கண்டியில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் போய்த் தமிழ்ப் படிவம் கேட்டுப் பாருங்கள்.) கண்ணுசாமி என்று பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று ஆண்ட நாயக்கர் வம்சத்துக் கடைசி அரசர், குடும்பத்தோடு வேலூருக்குக் கப்பலேற்றப்பட்டார்.

இதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் மேடைக்கு வருகிறது, அதுவும் தாமதமாக. மலையைத் துளைத்து வழி போடுகிறவன்தான் கண்டியை ஆள்வான் என்று ஓர் ஆரூடம் இருந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர் கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து ஓட்டை போட்டார்கள். ஆரூடம் பலித்துவிட்டது என்று ஊர் வாயில் விரல் வைத்தது. தேதியைப் பார்த்தீர்களா? கண்டி விழுந்தது 1815, தெருவும் ஓட்டையும் 1820களில். கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் ஆரூடம் என்றால் நானும் நேற்றைய லொத்தர் நம்பரைச் சொல்வேன்.

ஆனாலும் ரொக் என்றால் பாறை. பாறையில் இறங்கி வேலை பார்த்த குழு என்று எட்வர்ட் பார்ன்ஸின் குழுவைத்தான் சொல்ல வேண்டும். ஆளுநர் பார்ன்ஸ் தெரு வேண்டும் என்றார். பட்டாளம் வேகமாக ஏற வேண்டும் என்பது ஒரு காரணம். அவரே கன்னொருவையில் கோப்பி போட்டிருந்தார் என்பது இன்னொன்று. வேலை வாங்கியது ராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தின் கீழ். அரசரை அனுப்பிவிட்டார்கள், அரசர் வாங்கிய ஓசி வேலையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். திட்டம் போட்டவர் கப்டன் டோசன். 1829இல் இறந்தார். பாம்பு கடித்ததென்று ஊரில் கதை. அவருக்காகப் பணம் திரட்டி 1832இல் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் எழுப்பினார்கள், உள்ளே சுழன்று ஏறும் மரப்படியோடு. பாறை உடைத்தவர்களுக்குக் கோபுரம் எங்கே என்று கேட்காதீர்கள். அவர்கள் கட்டியதுதான் அதுவும்.

1832ஐ எங்கள் ஊரின் பொன்னாண்டு என்றே சொல்லலாம். கோபுரம் எழுந்தது அந்த வருஷம். கொழும்பு–கண்டிக் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது அந்த வருஷம். ராஜகாரியத்தை ஒழிக்க உத்தரவு வந்தது அந்த வருஷம், தெருவெல்லாம் போட்டு முடித்த பிறகு. ஜனவரி 30இல் வேலூரில் கண்ணுசாமி கண் மூடியதும் அதே வருஷம்தான்.

'வேஸ்டட் இயர்ஸ்', வீணாய்ப் போன வருஷங்கள், மெக்சிகோவின் மொண்டெரேயில். சுற்றுப்பயணம் போய்ப் போய் வீட்டை மறந்தவனின் ஏக்கம். 45 நாளுக்கே இந்த ஏக்கமா? ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசரிடம் பிடிபட்டு 19 வருஷம் இருந்தார். எங்கள் பக்கத்து உடுநுவரவில் எலதத்தவில் குடியிருந்து தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், தப்பிப் போனதும் ஒரு புத்தகமும் எழுதினார். கைதியாகப் போய் வட்டிக்கடை நடத்திய மனிதரின் வருஷங்களை வீண் என்று எப்படிச் சொல்ல?

'ஃபியர் ஒஃப் த டார்க்', இருட்டுப் பயம், புவனஸ் அயர்ஸில். பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே கூட்டம் கிட்டாரின் மெட்டை "ஓ ஓ" என்று தானே பாடுகிறது. இதில் மட்டும் எனக்குப் பாடம் தேவைப்படவில்லை. 1867இல் கண்டிக்குப் போன ரயில் பாதை ரம்புக்கனையிலிருந்து ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி என்று ஏறி வருகிறது. அந்தக் காலத்தில் பின்னால் இன்னோர் எஞ்சினும் பூட்டித் தள்ளுவார்கள். வழி நெடுகச் சுரங்கம். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மூன்றாம் வகுப்பு முழுவதும் "ஊ" என்று கூவும். பள்ளிக்கூடப் பிள்ளை, பென்சன்காரர், கடலை விற்கிறவர் எல்லாரும். வெளிச்சம் வந்ததும் ஒருவரும் கூவாதது போல ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். ஆர்ஜென்டினாக்காரனுக்கு அதற்கு டிக்கெட் வேண்டும், எங்களுக்கு ரயில் டிக்கெட்டே போதும்.

படத்தில் ஒரு காட்சியை மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. பொகோட்டாவில் கச்சேரி முடிந்துவிட்டது. மேளக்காரர் நிக்கோ மக்பிரெய்ன் எறிந்த குச்சி ஓர் இளைஞனின் கையில் கிடைத்திருக்கிறது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பேச்சு வரவில்லை. ஒரு துண்டு மரம். மருமகன் அந்த இடத்தை இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தான். இரண்டாம் முறை நானும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

தொகுப்பில் 'மலைக்கு ஓடு' இடம்பெறுவதும் அந்தப் பொகோட்டாவில்தான். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்து ஊர். மருமகன் கிட்டாரை மாட்டிக்கொண்டு அதையே வாசிக்கத் தொடங்கினான். சுவர் அதிர்ந்தது. அக்கா குசினியிலிருந்து வந்தாள்.

"என்னடா சொல்றான் அதுல?"

"மலைக்கு ஓடுன்னு சொல்றாங்கம்மா."

"நாம ஏற்கெனவே மேலதானே இருக்கோம்" என்றாள் அக்கா. "கடை கீழ இருக்கு. பாண் முடியுறதுக்கு முன்னால அங்க ஓடு."

ஓடினான். முடியைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, குடையை மறந்துவிட்டு. அரை இறாத்தல் பாணோடு அவன் மேலே ஏறி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. டொரொன்டோ மிச்சம்.