அட்டையின் உட்பக்கம்

1980-களில் நாங்கள் ஆய்வு மாணவர்கள். வேதியியல் இதழ் நூலகத்துக்கு வந்ததும் முதலில் புரட்டுவது அட்டையின் உட்பக்கத்தைத்தான். ஆசிரியர் குழுவின் பெயர்கள் அங்கே இருக்கும். 1957-இல் 'டெட்ராஹெட்ரான்' தொடங்கியபோது முன்நின்றவர்கள் ராபர்ட் ராபின்சனும் ஆர். பி. உட்வர்டும். ஒருவர் 1947-லேயே நோபல் வாங்கியவர், மற்றவர் 1965-இல் வாங்கினார். அந்தப் பக்கத்தில் இடம்பிடிக்கிறவர்கள் நம்மைப்போல் பஸ் பிடிக்கிற ஆட்கள் இல்லை என்றே நினைத்திருந்தோம்.

துறையில் ஒருவர் ஓர் இதழின் குழுவில் சேர்ந்தார். மாலை, பொன்னாடை, ஜாங்கிரி, மிக்சர். அந்த இதழுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எங்கள் பாடு வேறு. பென்சீன் வளையத்தை ஸ்டென்சில் வைத்து டிரேசிங் தாளில் வரைய வேண்டும். கார்பன் வைத்து டைப் அடித்து ஏர்மெயிலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபால்காரரைப் பார்த்திருக்க வேண்டும். கட்டுரையைப் பெயர் சொல்லாமல் மதிப்பிடும் ரெஃப்ரீயின் கருத்து வந்தால் கைடு கதவைச் சாத்திக்கொள்வார். டைப்ரைட்டரில் எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, "இது அந்தப் பாவிதான்" என்பார்.

இப்போது தினமும் காலையில் எனக்கு அழைப்பு. மகப்பேறு, மீன்வளம், மண் பொறியியல் என்று எல்லாத் துறை இதழ்களும் "மாமேதையே, எங்கள் குழுவை அலங்கரியுங்கள்" என்கின்றன. 2015-இல் போலந்து ஆய்வாளர்கள் இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் அவரை ஆசிரியராக்கிக்கொண்டன. 2017-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆலி என்ற நாய் ஏழு இதழ்களின் குழுவில் இருப்பது வெளியே வந்தது. நடுத்தர அளவு நாய்களுக்கு வயிற்றைத் தடவிவிடுவதன் நன்மைகள் அதன் ஆய்வுத் துறைகளில் ஒன்று. அனுபவத்தோடு பேசக்கூடிய நிபுணர்தான்.

ஆகவே நிஜமான அழைப்பு வந்தபோது அடையாளம் காண்பது எளிதாக இருந்தது. அதில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருந்தது. சம்பளம் கிடையாது என்ற வரி இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

துறை வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்கள் எழுந்தன. ஜாங்கிரி வரவில்லை. துறைத் தலைவர் மட்டும் போன் செய்தார்: "ரொம்ப சந்தோஷம் சார். நாக் தர மதிப்பீட்டு ஃபைலுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பிடுங்க."

வேலை என்பது ரெஃப்ரீ தேடுவது. அன்று ரெஃப்ரீக்குப் பயந்தவன் இன்று அவர் காலில் விழுகிறேன். சிலர் பதிலே போடுவதில்லை. சிலர் தங்கள் மாணவரைக் கைகாட்டுகிறார்கள். மாணவர் தீசிஸ் எழுதுகிறாராம். கடைசியில் பழைய நண்பர் ஒருவர் சிக்கினார். அவரும் வேறோர் இதழின் குழுவில் மாட்டிக்கொண்டவர்.

"உன்னுடையதை நான் பார்க்கிறேன், என்னுடையதை நீ பாரு" என்றார். மொய்க் கணக்குதான். சரி என்றேன்.

அவர் அனுப்பிய கட்டுரை 9 பக்கம். இணைப்பு 186 பக்கம்.