ஒரு தோட்டா, ஒரு கணக்கு

ஜொகூரில் ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அறுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது, ஒரு கள்ளுக்கடை இருந்தது, ஆபீஸ் அலமாரிக்குள் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது. கோயிலுக்குத் தலைவர் மாறுவார், கள்ளுக்கடைக்குக் குத்தகைக்காரர் மாறுவார். துப்பாக்கி மட்டும் வருஷக்கணக்காக ஒரே பெயரில் நிற்கும். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர் பெரிய கிராணியாருடையது. துரை பங்களாவில் வேறொன்று இருக்கிறது என்பார்கள், நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த துப்பாக்கி கிராணியார் ஐயாவின் துப்பாக்கிதான். அலமாரிச் சாவி அவருடைய கால்சட்டைப் பையில் சங்கிலியோடு கிடக்கும், குளிக்கப் போகும்போதும் அதைக் கழற்றி வைக்க மாட்டார் என்று அவர் வீட்டம்மாள் குழாயடியில் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் துப்பாக்கி வெளியே வரும் நாள் எங்களுக்குத் திருநாள். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட ஆரம்பித்திருந்த காலம் அது. இரவில் காட்டுப் பன்றிகள் இறங்கி, நட்டு மாதக்கணக்கே ஆன கன்றுகளைக் கிளறி, குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். காலையில் வெளிக்காட்டு வேலைக்குப் போன கங்காணி திரும்பி வந்து ஆபீசில் முறையிடுவார். சாயங்காலம் அலமாரி திறக்கும். கிராணியார் தோட்டாக்களை மேசையில் நிற்க வைத்து எண்ணி, ஊதா நிறத்தில் எழுதும் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொண்டு, குழலை மடித்துத் திறந்து முழங்கையில் தொங்கவிட்டபடி பெரட்டுக் களத்தைக் கடந்து நடப்பார். பின்னாலேயே போகும் பையன்களில் ஒருவன் ஒருநாள் கேட்டான், "ஏன் ஐயா உடைஞ்ச மாதிரியே தூக்கிட்டுப் போறீங்க?"

"தெறந்திருந்தா உள்ள ஒண்ணும் இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும்லடா. துப்பாக்கி வச்சிருக்கறவன் 'என்னை நம்புங்க'ன்னு சொல்லக் கூடாது. காட்டணும்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை, எங்களுக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை. எங்கள் கவனமெல்லாம் மறுநாள் காலையில் இருந்தது. சுட்ட தோட்டாவின் வெறுங்கூடுகளை அவர் நோட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்துக் கோடு கிழித்த பிறகு, அவற்றில் ஒன்றிரண்டு எங்கள் கைக்கு வரும். சிவப்புக் காகிதக் கூடு, அடியில் பித்தளைத் தொப்பி, மூக்கருகே கொண்டுபோனால் தீபாவளி மறுநாள் வாசலின் வாசனை. அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் ஆந்தை அலறுவதுபோல ஒரு சத்தம் வரும். இரண்டு கூடுகளைச் சேர்த்துப் பிடித்து ஊதினால் சத்தம் மாறும். கறி லயத்துக்கு லயம் பங்காகி வாழையிலையில் வரும். மிளகு தூக்கலாகப் போட்டு அம்மா வைத்த குழம்பில் யார் பல்லிலாவது ஈய ரவை ஒன்று 'கிளிக்' என்று அகப்பட்டால், அன்று அவர்தான் வீட்டில் ராஜா. தட்டோரத்தில் அந்த ரவையை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்ட பெருமை இன்று எந்த ஓட்டலிலும் கிடைக்காது.

ஆனால் அதே தோட்டாக் கூடு ரப்பர் வெளியில் சருகுக்கு அடியில் கிடந்து, அதை நாங்கள் எடுத்து வந்துவிட்டால், பாட்டியின் முகம் வெளுத்துவிடும். "கையில வச்சிருக்காதே, எந்த நெரையில கெடந்துச்சோ அதைச் சொல்லி நேரா ஆபீஸ்ல குடுத்துட்டு வா" என்பார், சோற்றுத் தட்டைக் கூட வைக்க விடாமல். அந்தப் பயம் அவருடைய தலைமுறை விலை கொடுத்து வாங்கியது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட படை 1945 டிசம்பரில் கலைந்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். எல்லா ஆயுதமும் திரும்பி வரவில்லை. காட்டில் புதைத்து வைத்தவை 1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் பிறந்தபோது எழுந்து வந்தன. அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டப் பாட்டாளிகளுக்காகப் பேசியவர், கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று இதே ஜொகூரில், மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் காவல் நிலையம் விடியுமுன் தாக்கப்பட்டது. காவலர்களோடு அவர்கள் குடும்பத்தினரும் மாண்டார்கள்.

பாட்டிக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது. லயத்தைச் சுற்றி அடித்த முள்வேலி தெரியும். பால்மரம் வெட்டப் போகும்போது வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தது தெரியும், மத்தியானச் சோற்றைக் காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அதையும் எடுத்துப்போக விடாமல் வெறும் வயிற்றோடு அனுப்பியது தெரியும். துப்பாக்கி வைத்திருந்த இரு தரப்புக்கும் நடுவில், துப்பாக்கியே இல்லாமல் வாழ்ந்தவர் அவர். யாருடைய கையில் எது இருக்கிறது என்ற கேள்விக்கு ஊரறிந்த பதில் இல்லாத காலத்தின் நடுக்கம் அவர் விரல்களில் கடைசி வரை இருந்தது. கிராணியாரின் நோட்டும் ஊதாப் பென்சிலும் அவருக்குத் தந்த நிம்மதியை இப்போது நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. அந்த ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இன்றைக்கும் நம் துப்பாக்கி லைசென்சுக்கு அடிப்படை. லைசென்சைப் புதுப்பிக்கும் நாள் வந்தால் கிராணியார் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோயிலில் ஒரு சூடம் காட்டிவிட்டுத்தான் குளுவாங்குக்கு வண்டி ஏறுவார். திரும்பி வந்ததும் முத்திரை குத்திய தாளைக் கங்காணிகளுக்கும் காட்டுவார். தோட்டத்தில் வேறு யாருக்கும் துப்பாக்கி ஆசை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருடைய நித்திய கவலையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு ஆசை எப்படி வரும்? 1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனைகள் இன்னும் கடுமையாயின. பெரியவர்கள் அதை வானொலியில் கேட்டுவிட்டு, சரிதான் என்று தலையசைத்தார்கள்.

பிறகு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் மாறியது! லயங்கள் காலியாயின, மாசாயிலும் ஸ்கூடாயிலும் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தோம், மாரியம்மனையும் சில இடங்களில் கூடவே அழைத்து வந்தோம். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைகளுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் தோட்டாக் கூட்டில் ஊதிய அந்தக் குரலை அங்கே உண்மையான ஆந்தைகள் இப்போது கொடுக்கின்றன. அதைக் கேட்கத்தான் பிள்ளைகள் இல்லை. காட்டுப் பன்றியைச் சுட இன்று துப்பாக்கி லைசென்சோடு வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும். முறை அப்படித்தான் இருக்க வேண்டும். ரவை கடிபட்ட அந்தக் குழம்பு போனதற்கு வருத்தம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் முள்வேலி பார்க்காமல் வளர்கிறார்கள் என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பேரன் கைப்பேசியில் பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். "குண்டு தீந்துபோனா என்னய்யா செய்வே?" என்று கேட்டேன். "கீழ கெடக்கும் தாத்தா, எடுத்துக்க வேண்டியதுதான்" என்றான். திரையில் வீட்டுக்குள்ளும் புல்வெளியிலும் யாருடையது என்று கேட்பாரில்லாமல் துப்பாக்கிகள் கிடக்கின்றன; குனிந்தால் கிடைக்கின்றன. சருகுக்கடியில் கிடந்த ஒரு வெறுங்கூட்டுக்காகச் சோற்றை நிறுத்திய பாட்டியின் எள்ளுப்பேரன் அவன். விளையாட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அவன் நல்ல பிள்ளை. என் வருத்தமெல்லாம், அந்தத் திரைக்கு வெளியே துப்பாக்கியைப் பொறுப்போடு தூக்கி நடந்த ஒரு மனிதரைக் கூட அவன் கண்ணால் கண்டதில்லை என்பதுதான்.

கையிலிருக்கும் ஆயுதத்துக்குப் பொறுப்பேற்பது எவ்வளவு பெரிய சுமை என்று 2024 மே 17 விடியற்காலையில் ஜொகூரின் உலு திராம் நமக்குக் காட்டியது. காவல் நிலையத்துக்குள் வெட்டுக்கத்தியோடு புகுந்த ஒருவனால் இரண்டு இளம் காவலர்கள் உயிரிழந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், சீருடை அணிந்தவர்கள், ஆயுதம் தாங்கியவர்கள், சொந்தக் கூரையின்கீழ் நின்றவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், மேசை இழுப்பறைக்குள் ஒரு துப்பாக்கி இருந்தால் குடும்பம் பத்திரம் என்று நம்புகிறவர்களுக்கு என்ன சொல்வது?

2023-இல் கட்டாய மரண தண்டனையை நாடு கைவிட்டதை நான் மனதார வரவேற்கிறேன். கணபதியின் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் வேறெப்படி நினைக்க முடியும்? ஆனால் கயிற்றின் பயம் தளர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார வேண்டும். அது என்ன என்பதை எனக்குக் கிராணியாரின் மகன்தான் சொன்னார். தகப்பனார் காலமானதும் துப்பாக்கியை அவர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். லைசென்ஸ் ஆளோடு போகிறது, மகனுக்கு வாரிசுச் சொத்தாக வராது. மகன் தன் பெயரிலேயே விண்ணப்பித்திருக்கலாம், கிடைத்தும் இருக்கும். ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "அப்பா ராத்திரியில எழுந்து போய் ஆபீஸ் பூட்டை இழுத்துப் பார்த்துட்டு வருவாருண்ணே. எனக்கு அவ்வளவு அக்கறை வராது. வராதுன்னு தெரிஞ்சவன் கேட்கக் கூடாது இல்லையா?" என்றார்.

அப்பாவின் அக்கறையும் மகனின் மறுப்பும் ஒரே பண்பின் இரண்டு பக்கங்கள் என்று நான் நம்புகிறேன். சட்டம் ஒருவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்க முடியும். அதைச் சுமக்கத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்று அவனவன்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைக் கண்ணில் காட்ட வேண்டிய அவசியமே வராமல் போகட்டும். இந்தக் கேள்வியை மட்டும் வீட்டில் பேசி, சொல்லிக்கொடுத்து வளர்ப்போம்.