செவிச் செல்வர்

"இந்த வருஷம் இதுவரைக்கும் 40 புத்தகம் முடிச்சாச்சு சார்" என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. ஆனால் இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ முளைத்திருக்கிறது. அவர்தான் செவிச் செல்வர். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் இருக்கிறார். உங்கள் அடுக்ககத்திலும் இருப்பார்.

ஒலிநூலை அவர் சாதாரண வேகத்தில் கேட்பதில்லை. அது சோம்பேறிகளுக்கு. இவருடையது இரண்டு மடங்கு. யாரோ ஒரு நல்ல குரல்காரர் ஏற்றி இறக்கி, பெருமூச்செல்லாம் விட்டு வாசித்தது, இவர் காதில் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசி எச்சரிக்கை மாதிரி ஓடுகிறது. கல்கி 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதி, ஊரையே காக்க வைத்த பொன்னியின் செல்வனை இவர் ஆபீஸ் போக வர முடித்துவிட்டார். ஐந்து பாகமும்.

முடித்தார் என்றால், செயலி அப்படித்தான் காட்டுகிறது. ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக் கேட்பார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டம் கூடும்போது இங்கே குறட்டை. கதை பாட்டுக்கு விடியவிடியத் தன்னையே வாசித்துக்கொண்டு போகும். பகலில் மட்டும் என்ன? ஈழத்துக்குப் படகு கிளம்புகிற நேரத்தில் மிக்ஸி. குக்கர் மூன்றாவது விசில் விடும்போது ஒரு கொலை. "ஏங்க, சாம்பாருக்கு சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?" என்று வீட்டம்மா கேட்டு முடிப்பதற்குள் ஒரு அத்தியாயமே போய்விடும். 15 விநாடி பின்னால் தள்ள ஒரு பொத்தான் இருக்கத்தான் இருக்கிறது. கை முழுக்க மாவு.

எழுத்தைக் கண்ணால் பார்க்காததில் இன்னொரு சங்கடம். பழுவேட்டரையரை வெகுநாள் 'பளுவேட்டரையர்' என்றே நினைத்திருந்தார். ஆஜானுபாகு, உடம்பெல்லாம் தழும்பு என்றதும், சோழ நாட்டில் பளு தூக்கும் படைக்குத் தலைவர் என்று ஊகித்துக்கொண்டார். தப்பு சொல்ல முடியுமா?

"காதால கேட்டா படிப்பாகுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். "வள்ளுவரே கேள்விக்குத் தனி அதிகாரம் வச்சிருக்கார் சார்" என்பார். வாஸ்தவம். 40 கல்வி, 42 கேள்வி. நடுவில் 41 என்று ஒன்று உண்டு, கல்லாமை. 42-க்குப் போகிற வழியில் இவர் அங்கேயே இறங்கிக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம்.

இதில் காதின்மேல் பழி போட மாட்டேன். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவரைத் தெரியும். பாடம் முழுக்கக் காதால்தான். வேகம் நம்மவரைவிட அதிகம். பக்கத்தில் இருந்து கேட்டால் நமக்கு ஒரு சொல் பிடிபடாது. ஆனால் ஒரு வரி நழுவினால் நிறுத்துவார், பின்னால் போவார், திரும்பக் கேட்பார், பிரெயிலில் குத்திக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் கத்தரிக்காய் நறுக்குவதில்லை.

மணிரத்னம் படமெடுத்தபோது செவிச் செல்வர் தியேட்டர் பக்கமே போகவில்லை. "மூலத்தைப் படிச்சவன் படம் பார்க்கக் கூடாது சார், கற்பனை கெட்டுடும்."

இந்தக் கொள்கைப் பிடிப்பை மெச்சித்தான் அடுக்ககச் சங்கத்தின் வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தார். வீராணம் ஏரி, ஆடிப் பெருக்கு, கரைமேல் வந்தியத்தேவன் குதிரை, 74 கணவாய்களில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்வது என்று முக்கால் மணி நேரம் ஏரியைவிட்டு நகரவே இல்லை. முதல் அத்தியாயம் காலை நடையின்போது கேட்டது. மிக்ஸி, குக்கர் எதுவும் கிடையாது.

முன்வரிசையில் ஒரு மாமி பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினார். "எல்லாம் சரி, நந்தினியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

நம்மவர் ஒரு கணம் யோசித்தார்.

"அவங்க எந்த பிளாக்?"