‘லாஸ்ட் எவ்வளவு?’: இணையவழிப் பழைய கார் விளம்பரங்களின் இலக்கணம், ஆலங்குளம் வட்டாரத்தை முன்வைத்து

இணையவழிப் பழைய கார் விளம்பரம் என்பது, தம் காரைக் கைகழுவ விரும்பும் ஒருவர், அதைக் கைகழுவ உலகில் எந்தக் காரணமும் இல்லை என்று பிறர் நம்பும்படி எழுதும் சிறு உரைநடை வகையாகும். ஓஎல்எக்ஸ் 2006-ஆம் ஆண்டிலும் குவிக்கர் 2008-ஆம் ஆண்டிலும் தொடங்கியவை என்பதால் இவ்வகைக்கு வயது குறைவே எனினும், அதற்கென்று மரபுத்தொடர்களும் படமெடுக்கும் முறையும் தொலைபேசியில் பேசும் ஒழுங்கும் இதற்குள் நிலைபெற்றுவிட்டன. சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு என்று வகுத்துக்கொண்ட தமிழில் தொண்ணூற்றேழாவதாக இதைச் சேர்த்துக்கொள்வதில் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆய்வுக்களமாக விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்படும் இவ்வூரிலிருந்து கார் பார்க்கக் கிளம்புகிறவர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சங்கரன்கோவில் என்று ஏதாவது ஒரு திசையில் பஸ் ஏற வேண்டியிருப்பதால், பார்ப்பதற்கு முன் படிப்பது அவருக்குக் கட்டாயமாகிறது. அதைவிட முக்கியமாக, இதே பெயரில் இன்னோர் ஆலங்குளம், 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தில், திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவே இருக்கிறது. ‘ஆலங்குளம்’ என்று தட்டினால் வந்து நிற்கும் கார் எந்த ஆலங்குளத்தில் நிற்கிறது என்பதை விளம்பரத்தின் இருப்பிடக் குறிப்பு பல வேளைகளில் சொல்வதில்லை. “நானும் ஆலங்குளந்தான், இந்தா வந்துருதேன்” என்று ஒருவர் சொல்ல, “பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போன் போடுங்க” என்று மற்றவர் சொல்ல, இருவரும் தத்தம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று, எதிராளி பொய்யர் என்று முடிவு கட்டிக் கலைவது இத்துறையில் பதிவு பெறவேண்டிய நிகழ்வாகும். விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லாதபோதும் ஏமாற்றம் விளைய முடியும் என்பதற்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது.

நாளிதழ்க் காலத்தில் இவ்வகையின் முன்னோடியாக இருந்தது வரி விளம்பரம், அதாவது வரிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் போடும் சிறு அறிவிப்பு. காசு கொடுத்தவர் சொல்லை எண்ணினார். மாடல், ஆண்டு, எஃப்சி எனும் தகுதிச்சான்று, விலை, போன் நம்பர் என்று ஐந்தே செய்தியில் முடித்தார். இணையத்தில் இடம் இலவசமானதும் விளம்பரம் நீண்டது. ஆனால் செய்தி அந்த ஐந்திலேயே நின்றுவிட்டதால், மிஞ்சிய இடத்தை நிரப்பும் பொறுப்பு மரபுத்தொடர்களிடம் வந்து சேர்ந்தது.

அவற்றுள் தலையாயது ‘சிங்கிள் ஓனர்’. ஆர்சி புக்கில், அதாவது பதிவுச் சான்றில், ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது என்பது இதன் பொருள். அந்த ஒருவர்தான் இப்போது விற்கிறார் என்று பொருள்கொள்வது புதிதாகப் படிக்க வருவோர் செய்யும் பிழை. இதற்கு அடுத்த நிலையில் ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ வருகிறது. மருத்துவர்கள் மெதுவாக ஓட்டுவர், நேரத்துக்கு சர்வீஸ் விடுவர், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர எங்கும் போகமாட்டார்கள் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் நிற்கும் இத்தொடரை உள்ளபடியே ஏற்றால், ராஜபாளையம் வட்டாரத்து மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் கார் விற்றுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ‘பார்ட்டி வண்டி’ என்றால் புரோக்கர் இல்லாமல் உரிமையாளரே நேரடியாக விற்பது. இதை அதிகம் எழுதுபவர்கள் புரோக்கர்கள். ‘ஓன் போர்டு’ என்பது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகை கொண்ட காரைக் குறிக்கும். முதலில் டாக்சியாக, அதாவது ‘டி போர்டு’ வண்டியாக, மதுரை விமான நிலையத்துக்கும் குற்றாலத்துக்கும் ஓடித் தேய்ந்து பிறகு வெள்ளைப் பலகைக்கு மாறியதும் ஓன் போர்டுதான் என்பதால் இங்கும் பொய் இல்லை.

‘டயர் 80 சதவீதம்’ என்பதைச் சற்று நின்று கவனிக்கலாம். புது கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாள மேடு பள்ளத்துக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். அக்கணக்கின்படி 80 சதவீத டயரில் 6.7 மில்லிமீட்டர் பள்ளம் மிஞ்சியிருக்க வேண்டும். நடைமுறையில் இத்தொடர், வண்டி பார்க்க வருகிறவர் திரும்பிப் போகும்வரை டயரில் காற்று நிற்கும் என்ற உறுதிமொழியாகவே வழங்குகிறது. ‘எஃப்சி இன்னும் எட்டு மாசம் இருக்கு’ என்பதும் இத்தகையதே. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச்சான்று பெற்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. கட்டணத்தோடு டிங்கரிங், பெயிண்ட், இருக்கை உறை எல்லாம் சேரும் என்பதை அறிந்த உரிமையாளருக்கு, பதினான்கு வயதும் நான்கு மாதமும் ஆன காரின்மேல் திடீரென்று பற்று விட்டுப்போவது இயல்பு.

சொற்களைவிடப் படங்கள் இன்னும் ஆழமாக ஆராயத்தக்கவை. கார் கழுவப்பட்டு, ஈரம் காயுமுன் படம் எடுக்கப்படுகிறது. ஈரத்தில் மங்கிய பெயிண்ட் பளபளக்கும், சிறு கீறல்கள் ஒளிந்துகொள்ளும். எட்டுப் படங்களில் மூன்று இடப்பக்கத்தையும், இரண்டு ஸ்டீரியோவையும், ஒன்று டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் காட்டுகின்றன. வலது மட்கார்டை மட்டும் எந்தக் கோணமும் எட்டுவதில்லை. நம்பர் பலகை எப்போதும் மறைக்கப்பட்டிருக்கும்: ஈரிழைத் துண்டு தொங்கும், அல்லது விற்பவரின் கட்டைவிரல் கேமராவின் குறுக்கே நீளும், அல்லது கைப்பேசியில் வெள்ளைக் கட்டம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நாள் முழுவதும் அதே நம்பரைக் காட்டிக்கொண்டு ராஜபாளையம் கடைவீதியில் போய்வரும் கார், விளம்பரத்தில் மட்டும் ஏன் முகத்திரை அணிகிறது என்பதற்கு, நம்பரைத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்படுகிறது. எம்-பரிவாகன் செயலியில் அந்நம்பரை இட்டால் பதிவுத் தேதியும், இன்சூரன்ஸ் முடியும் நாளும், எஃப்சி நிலவரமும் யாருக்கும் தெரிந்துவிடும் என்பது சொல்லப்படாத காரணம்.

தொலைபேசிக் கட்டத்தில் இரு தரப்பும் சமமாகின்றன. வண்டியைப் பார்க்காதவர் கேட்கும் முதல் கேள்வி “லாஸ்ட் எவ்வளவு?” என்பது, அதற்கு எப்போதும் தரப்படும் விடை “நேர்ல வாங்க, உட்கார்ந்து பேசிக்கிடலாம்” என்பது. பிறகு உரையாடல் பின்வருமாறு செல்லும்.

“வண்டி எப்படி அண்ணாச்சி?”

“நம்ம பிள்ளை மாதிரி வச்சிருக்கோம். ஒரு ரூபா வேலை கிடையாது.”

“பிறகு எதுக்கு விக்கீக?”

“பெரிய வண்டி எடுக்கோம்ல.”

குறைந்த விலைக்கு விளம்பரம் செய்யப்பட்ட கார் மட்டும் எப்போதும் நேற்றுச் சாயங்காலம் போய்விட்டிருக்கும். “அது போச்சு, அதே மாதிரி வேற ஒண்ணு இருக்கு” என்ற தொடர்ச்சியோடு புரோக்கர் தம்மை வெளிப்படுத்திக்கொள்வார். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் கார்கள் தனி இனம்: இவற்றின் உரிமையாளர் தம்மை ராணுவ வீரர் என்றும், தொலைதூரத்துக்கு மாற்றலாகிவிட்டது என்றும், கார் விமான நிலைய வளாகத்தில் பத்திரமாக நிற்கிறது என்றும், முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்து சேரும் என்றும் சொல்வார். இவ்வினத்தைச் சேர்ந்த கார் எதுவும் நேரில் காணப்பட்டதில்லை என்பதால் இதை விலங்கியலாரிடம் விட்டுவிடலாம்.

கோட்பாட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தை பற்றி எழுதிய கட்டுரையை அற்ப விஷயம் என்று இரண்டு ஆய்விதழ்கள் திருப்பியனுப்பின. பின்னர் 1970 ஆகஸ்டில் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழின் 84-ஆம் தொகுதியில் அது வெளிவந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்ததில் அந்த அற்ப விஷயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலங்குளம் சிமெண்ட் ஆலை தொடங்கியதும் 1970 என்பதும், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டிஎன் 84 என்பதும் தற்செயல் என்று ஒதுக்கத்தக்கவையே. ஆயினும் இவற்றைவிட மெலிந்த சான்றுகளைக் கொண்டு பல ஊர்களின் தலவரலாறு எழுதப்பட்டிருப்பதை மறக்கலாகாது. அகர்லாஃப் கூறியதன் சாரம் இது: காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, எனவே வாங்குபவர் எல்லாக் காரையும் சராசரி என்று எண்ணிச் சராசரி விலையே கேட்பார், நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்குக் கொடுக்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவார், விலக விலகச் சராசரி இறங்கும்.

இக்கோட்பாட்டுக்கு ஆலங்குளம் வட்டாரத்திலிருந்து ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. விற்பவருக்குக் குறை தெரியும் என்று அகர்லாஃப் எடுத்துக்கொண்டார். இங்கோ விற்பவர் தாமும் ஒரு விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவராதலால், வண்டி வெள்ளத்தில் நின்றதா, மீட்டர் திருப்பப்பட்டதா, இன்ஜின் ஒருமுறை இறக்கி ஏற்றப்பட்டதா என்பது அவருக்கும் தெரியாது. அவர் எழுதும் ‘ஜெனியூன் கிலோமீட்டர்’ அவரிடம் சொல்லப்பட்டதை அவர் வழிமொழிவதே ஆகும். இதனால் பொய்யரே இல்லாமல் பொய் மட்டும் கை மாறிக்கொண்டிருக்கும் நிலை உருவாகிறது.

இந்நிலையில் மிகவும் அல்லல்படுபவர் உண்மை பேசும் விற்பவர். “ஏசி வேலை செய்யாது, இடது பக்கம் ஒருமுறை இடித்துப் பட்டி பார்த்திருக்கிறது, மற்றபடி நல்ல வண்டி” என்று ஒருவர் எழுதினால், படிப்பவர் எல்லா விளம்பரத்திலும் வழக்கமாகக் கழிக்கும் கழிவை இதிலும் கழிக்கிறார். இவ்வளவு சொல்கிறவன் சொல்லாமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, இன்ஜின் போயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். இரண்டு வாரம் ஒரு போன்கூட வராமல் காத்திருந்த நல்லவர், மூன்றாம் வாரம் “ஏசி சில்லுன்னு இருக்கும், எடுத்து ஓட்ட வேண்டியதுதான்” என்று திருத்துகிறார். அன்று மாலையே போன் அடிக்கிறது. உண்மையைச் சொல்வதற்கென்று இவ்வகையில் ஒரு தொடர்கூட மீதம் வைக்கப்படவில்லை என்பதே இதன் ஆகப்பெரிய இலக்கணக் குறை. இக்குறை உறுத்தாத சந்தையும் உண்டு: இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்ற யாழ்ப்பாணத்தாருக்கு வருணனையே தேவைப்பட்டிருக்காது என்று ஊகிக்கலாம்.

எனவே தேர்ந்த வாங்குபவர் சொல்லை விட்டுப் பொருளைப் படிக்கிறார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். ‘2319’ என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். 2016 மாடல் காரில், முப்பதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் நிலையில், நான்கு டயரும் 2022 என்றால் மீட்டருக்கும் டயருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பொருள். கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக்குறி உண்டு. ஐந்து கண்ணாடி ஓர் ஆண்டும் ஆறாவது வேறோர் ஆண்டும் காட்டினால், அந்தப் பக்கம் எதுவோ நடந்திருக்கிறது. பானட் போல்ட்டில் ஸ்பானர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, கிளச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, போய் நிற்கும்போதே இன்ஜின் சூடாக இருக்கிறதா என்பவையும் பார்க்கப்படும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் பண்ணும் வண்டியை விற்பவர் முன்கூட்டியே எழுப்பி வைத்திருப்பார். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடிவரை சேற்றுக் கறை தேடுவது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின் பரவிய வழக்கம். சென்னை நம்பர் என்றாலே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த தென்மாவட்டத்தார், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியபின் அந்தச் சந்தேகத்தை டிஎன் 69-க்கும் டிஎன் 72-க்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இறுதியாகக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்குரியவை படிவம் 29, படிவம் 30. வழக்கத்தில் இவை தேதியோ வாங்குபவர் பெயரோ இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டு ஒப்படைக்கப்படுகின்றன. இதற்கு ‘ஓப்பன்’ என்று பெயர். அடுத்தவருக்கு விற்கும்போது பெயர் மாற்றச் செலவு மிச்சமாவதும், எத்தனை கை மாறினாலும் ஆர்சி புக்கில் முதல் பெயரே நிலைத்து ‘சிங்கிள் ஓனர்’ என்ற தகுதி கெடாமல் இருப்பதும் இதன் இரு பயன்கள். பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஓப்பன் வழக்கம் அதனால் அசைந்ததாகத் தெரியவில்லை.

அசைத்துப் பார்ப்பது கேரளம். 2023 ஜூன் முதல் அம்மாநிலச் சாலைகளில் அபராதம் விதிக்கத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள், செங்கோட்டை தாண்டிப் போகும் கார்களை நேர் எதிரே, நல்ல வெளிச்சத்தில், கழுவாத நிலையில், வலது மட்கார்டின் ஒடுக்கு உட்பட, நம்பர் பலகையை எழுத்தெழுத்தாக வாசிக்கும்படி படம் எடுக்கின்றன. காரை விற்று இரண்டு வருடம் ஆன ஆலங்குளத்துக்காரர் ஒருவரின் கைப்பேசிக்கு, சீட் பெல்ட் போடாததற்கு 500 ரூபாய் என்ற செய்தியுடன் அப்படம் வந்து சேரும்போது, அவர் தம்மிடம் வாங்கியவரைத் தேடிப்பிடித்துப் போன் போடுகிறார். “அதை நாங்க வித்தே ஆறு மாசமாச்சே அண்ணாச்சி,” என்று பதில் வருகிறது. “‘சிங்கிள் ஓனர்’னு போட்டோம், அன்னைக்கே போயிருச்சு.”