நெருப்பு நாயகனின் நிலவரம்

போகிமான் சீட்டாட்டத்தின் முதல் ஆங்கிலப் பதிப்பில் வந்த சாரிசார்டு சீட்டு ஒன்று 2022-ல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அதை வைத்து யார் எந்தக் கோப்பையை வென்றார் என்று மட்டும் ரசிகர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

தலைவர் களத்துக்கு வரும் தோரணையே தனி. முதலில் சார்மாண்டர் வரவேண்டும், அது சார்மீலியன் ஆகவேண்டும், பிறகுதான் தரிசனம். வந்தாலும் உடனே கைநீட்ட மாட்டார். அடிக்கத் தேவையான எனர்ஜி சீட்டுகள் நான்கு சேரவேண்டும், முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். அடித்தால் 100 சேதம், சரிதான். ஆனால் அடிக்கும்போதே இரண்டு எனர்ஜியைத் தொலைத்துவிடுவார். இதற்குள் எதிராளி ‘எனர்ஜி ரிமூவல்’ என்கிற சாதாரணச் சீட்டைப் போட்டு ஒன்றைப் பிடுங்கியிருப்பார். பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்திறங்கும் மாப்பிள்ளை ஊர்வலம்தான்.

ஜெயிக்க நினைத்தவர்கள் ஹிட்மான்சான், எலக்டபஸ் என்று பரிணாமமே தேவைப்படாத கூலிக்காரர்களை நம்பினார்கள். ஒரு எனர்ஜி, உடனே அடி. (அவற்றின் படத்தைச் சட்டம்போட்டு மாட்டியவர்கள் குறைவு.)

2023-ல் வந்த சாரிசார்டு இஎக்ஸ் ஒருவழியாக மானத்தைக் காப்பாற்றியது. பரிணமித்து வந்ததுமே சீட்டுக்கட்டிலிருந்து மூன்று நெருப்பு எனர்ஜி வரை எடுத்துக்கொள்ளலாம். நம் போகிமானை வீழ்த்தி எதிராளி எடுக்கும் ஒவ்வொரு பரிசுச் சீட்டுக்கும் அடி 30 கூடும். பெரிய போட்டிகளிலும் மிரள வைத்தது. ஒரே ஒரு சங்கதி: இது நெருப்பு வகையே இல்லை, இருள் வகை. ரசிகர் மன்றம் இன்னும் மறுப்பறிக்கை விடவில்லை.